இரண்டாம் பரிசு

ஆலையின் ஆண்டு விருந்தில்
மூன்றாம் பரிசு பிரிட்ஜ்.
எனக்கு வேண்டியது அதுதான்.
விழுந்ததோ இரண்டாம் பரிசு:
ஹொக்காய்டோ, ஐந்து நாள், ஒருவருக்கு மட்டும்.
மூன்றாம் நாள் காலை
காலில் பனிமிதியடி கட்டிக்கொண்டு காட்டு நடை.

பிரிட்ஜ் போனது கொதிகலன் ஞானப்பிரகாசத்துக்கு.
மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.
அதற்குள் அவர் மனைவி
அதில் மீன் வாங்கி வைத்துவிட்டார்.

பகாவ் டவுனில் அன்று முப்பத்துநான்கு டிகிரி.
காக் ரொஹாயாவின் பண்டல் கடையில் ஒரே விசிறி,
அதுவும் அவர் முகத்துக்கு நேராக.
ஜப்பானிலிருந்து மூட்டையாய் வந்த பழந்துணி மலைக்குள்
தோள்வரை கைவிட்டுத் துழாவினேன்.
முதலில் சிக்கியது பருத்திச் சட்டை,
தடிமன், பூப்போட்டது, கன்னத்தில் வைத்தால் மெத்து.
பயணக்காரர்கள் அனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தேன்.
பருத்தி கூடாது.
நடந்தால் வியர்க்கும்,
குடித்த வியர்வையைப் பருத்தி விடாது,
நின்றதும் அந்த ஈரம்தான் உறைய ஆரம்பிக்கும்.

சிரிப்பு வந்தது.
இருபத்திரண்டு வருஷம்
எடைமேடையோரத் தகரக் கூண்டில் உட்கார்ந்தவளுக்கு
வியர்வையைப் பற்றி ஒரு தாள்.

பூப்போட்டதைத் திரும்பப் புதைத்தேன்.
தோலோடு ஒட்ட மெல்லிய கம்பளி, ஆறு வெள்ளி.
அதன்மேல் ஆட்டுக்குட்டி போலச் சுருண்ட ஒன்று,
கழுத்தில் யாரோ விட்டுப்போன வாசனைத் தைலம்.
எல்லாவற்றுக்கும் மேலே, காற்றை நிறுத்த, நீல ஜாக்கெட்.
அக்குளில் ஒரு ஜிப்.
எதற்கு இங்கே வாய் என்று கேட்டார் காக் ரொஹாயா.
ஏறும்போது திறந்துவிடவாம், நின்றால் மூடவாம்.
இது நமக்கு இங்கேதானே வேண்டும் என்றார்.

பையில் கைவிட்டால்
மங்கிப்போன ஒரு டிக்கெட் துண்டு,
எரிந்து தீர்ந்து கல்லாகிவிட்ட சூட்டுப் பொட்டலம்.
எனக்கு முன்பே போய்வந்திருக்கிறது இந்த ஜாக்கெட்.
பதினைந்து வெள்ளியைப் பத்தாக்கப் பேரம் பேசினேன்,
வழி தெரிந்தவனைக் கூட்டிப்போகிறேன் என்பதை மறைத்து.

சப்பாத்துதான் பெரும்பாடு.
வீட்டில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது,
தண்ணீர் ஏறாது, அட்டை ஏறாது.
ஆனால் சூட்டையும் உள்ளே தங்க விடாது.
கடைசியில் உள்ளே கம்பளம் தைத்த ஒரு ஜோடி.
இரண்டு காலுறை போட்டு நுழைத்தேன், இறுக்கம்.

தியோங்கின் உறைகோழிக் கிடங்கில்
கெஞ்சி இருபது நிமிஷம் வாங்கினேன்.
சும்மா நிற்காதே, பெட்டிகளை எண்ணு என்றார்.
மூச்சு வெளியே வந்து நின்று என்னைப் பார்த்தது.
நூற்றுத் தொண்ணூற்றெட்டில்
இடது பெருவிரல் காணாமல் போனது.
ஒரு காலுறையைக் கழற்றி வீசிவிட்டு,
விரல்களுக்கு ஆட இடம் விட்டு,
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
விரல் திரும்பி வந்திருந்தது.

பனிமிதியடியை மட்டும் அங்கேயே தருவார்களாம்.
படத்தில் முறம் போல அகலம்.
அது எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.
மழைக்காலத்தில் லோரிச் சக்கரம் சேற்றில் இறங்கினால்
அடியில் செம்பனை மட்டைகளைப் பரப்புகிறோமே.
கனம் அதே கனம்தான்,
மண்ணுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்று.

மறுநாள் மத்தியானம், லோரி இல்லாத நேரம்,
எடைமேடையில் ஏறினேன்.
அது பத்துப் பத்தாகத்தான் காட்டும்.
வெறுங்காலோடு, புடவையோடு: அறுபது.
கூண்டுக்குள் போய் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தேன்,
கம்பளி, ஆட்டுக்குட்டி, நீலம், சப்பாத்து: எழுபது.
அந்தப் பத்தில் எவ்வளவு துணி,
எவ்வளவு பயம் என்று
மேடை பிரித்துச் சொல்லாது.
நெற்றியிலிருந்து முதுகு வழியாக ஒரு கோடு
இறங்கிக்கொண்டிருந்தது.
அக்குள் ஜிப்பைத் திறந்தேன்.

பின்னால் ஹாரன்.
முப்பத்தெட்டு டன் குலைகளோடு
ஜெம்போல் டிரைவர் கண்ணாடியை இறக்கித்
தலையை நீட்டினான்:
அக்கா, ரொம்பக் குளுருதா?